கேமரன் குளிரில் பயிற்சி, கோலாலம்பூர் புழுக்கத்தில் மாரத்தான்

கோலாலம்பூரில் விடியற்காலை நான்கு மணிக்கே வெப்பமானி 24, 25 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். காற்றில் ஈரப்பதமும் உச்சத்தில் இருக்கும். கேமரன் மலையின் கோலா தெர்லாவில் பல நாட்கள் மத்தியான வெயில்தான் அந்தச் சூட்டை எட்டிப் பிடிக்கிறது. விடியற்காலையில் காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் கிளம்புகிறவர்கள் 15, 16 டிகிரியில் குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டுதான் படியிறங்குகிறார்கள். ஏறத்தாழ பத்து டிகிரி வித்தியாசம். தலைநகர மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் மலையூர்க்காரர் 42.195 கிலோமீட்டரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் கவலைப்பட வேண்டியது இந்தப் பத்து டிகிரியைப் பற்றித்தான்.

வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய் மாரத்தான் ஓடுவது இன்று விளையாட்டு வீரர்களோடு நிற்கவில்லை. அலுவலக ஊழியர், ஆசிரியர், கடைக்காரர், பணி ஓய்வு பெற்றவர் என்று எல்லோரும் பையில் ஓட்டக் காலணியோடு ஊர் ஊராகப் போகிறார்கள். 2025ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானுக்குக் குலுக்கலில் இடம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் மட்டும் 8 லட்சத்து 40 ஆயிரம் பேர். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன். 2004இல் சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர். நடுத்தர வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கினார். 2021இல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை, அதாவது 21.1 கிலோமீட்டர் ஓட்டங்களை, பல ஊர்களிலும் நாடுகளிலும் ஓடி முடித்திருந்தார்.

எந்த ஊர், எந்த மாதம்

மலேசியாவில் பெரிய நகர ஓட்டம் என்றால் கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான்தான். 2009இல் தொடங்கியது. மெர்டேக்கா சதுக்கத்தில் புறப்பட்டு அங்கேயே வந்து முடிகிறது. 1957இல் பிரிட்டிஷ் கொடி இறங்கிய அதே திடல். எதிரே 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். கூப்பிடு தூரத்தில் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெரு. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1873இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தமிழ் ஓட்டக்காரருக்குத் தங்க இடமும் சாப்பாடும் தேடி அலைய வேண்டிய வேலை இல்லை.

பினாங்கு பாலத்தின் மேல் நடக்கும் ஓட்டத்துக்குத் தனி மவுசு. 1985இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர் நீளம். மற்ற நாளில் கால் வைக்க முடியாத அந்தப் பாலத்தை நடுச்சாமத்துக்குப் பிறகு ஓட்டக்காரர்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் 2019இல் மாலை ஆறு மணிக்கு மாரத்தானைத் தொடங்கிப் பார்த்தார்கள். சென்னை மாரத்தான் ஜனவரியில், அந்த நகரம் ஓரளவு குளிர்ந்திருக்கும் நேரத்தில் வருகிறது. பொங்கலுக்கு முன் உறவினர்களையும் பார்த்து வர நினைக்கும் மலேசியத் தமிழருக்கு அது தோதான மாதம்.

நடுச்சாமம், விடியற்காலை, மாலை என்று இந்த நேரங்கள் எல்லாம் சூரியனுக்குப் பயந்து வைத்தவை. உலகின் ஆறு பெரிய மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை ஓடிய ஏறக்குறைய 18 லட்சம் பேரின் நேரங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். ஓட்டக்காரரின் தரத்தைப் பொறுத்து, 4 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில்தான் நல்ல நேரங்கள் பதிவாகியிருந்தன. கேமரன் மலையிலேயே அப்படிப்பட்ட குளிர் அபூர்வம். கோலாலம்பூரில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே ஐரோப்பாவில் யாரோ எழுதிய பயிற்சி அட்டவணையையும் இலக்கு நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே ஓடக் கூடாது.

மலை தருவதும் தராததும்

கென்யாவின் இத்தேன் நகரம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகச் சாம்பியன்கள் பலர் அங்கே பயிற்சி எடுத்திருக்கிறார்கள். மலையில் இருப்பவருக்கு நுரையீரல் பலம் இயல்பாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உயரம் வேலை செய்யும் விதம் வேறு. காற்றில் உயிர்வளி அழுத்தம் குறையும்போது உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. அந்த மாற்றம் கணிசமாக நடக்க ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். 1997இல் வெளிவந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஓட்டக்காரர்களை 2,500 மீட்டரில் வசிக்கவைத்து, பயிற்சிக்குத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் ‘தாழ்வான இடம்’ 1,250 மீட்டரில் இருந்தது. கோலா தெர்லாவும் கம்போங் ராஜாவும் அமைந்திருப்பது ஏறத்தாழ அந்த உயரத்தில்தான். 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையுச்சிக்குத் தார்ச்சாலை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கிவிட்டால் இரத்தம் மாறிவிடாது.

மலை தருவது வேறு பலம். மேடு ஏறி ஓடும்போது தொடையும் பின்னங்காலும் உரமேறும். சமதளத்தில் வேகமாக ஓடுவதைவிட மூட்டில் விழும் அடி குறைவு. இறக்கத்தில் ஓடினால் மறுநாள் தொடை முன்தசை வலி எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டால் அதே தசை அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சேதத்தைத் தாங்கும். மேம்பாலமும் சுரங்கச்சாலையும் ஏற்றமும் நிறைந்த கோலாலம்பூரில் இது கைகொடுக்கும். ‘அக்லே’ எனப்படும் அம்பாங் மேல்மட்ட நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடிய கடந்த கால ஓட்டக்காரர்களுக்கு அந்த நகரம் தட்டையானது அல்ல என்பது தெரியும்.

மலைச்சாலையில் ஓடுவதில் சங்கடங்களும் உண்டு. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், திரிங்காப் வழியாகக் கோலா தெர்லாவைத் தொட்டுப் போகும் சாலையில் பல இடங்களில் நடைபாதை கிடையாது. காய்கறிக் கூடை ஏற்றிய லோரிகளும் பழைய லேண்ட் ரோவர்களும் பனிமூட்டத்தில் திடீரென்று வளைவில் முளைக்கும். வார இறுதியில் சுற்றுலாக் கார்கள் வேறு. ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டை, நெற்றி விளக்கு, வண்டிகளை எதிர்கொண்டு சாலையின் வலப்பக்கம் ஓடுவது — இந்த மூன்றும் இல்லாமல் விடியலுக்கு முன் இறங்கக் கூடாது. தேயிலைத் தோட்டப் பாதைகள் இதைவிட அமைதியானவை. ஆனால் அவை தோட்டத்துக்குச் சொந்தம். நுழைவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

வியர்வையின் கணக்கு

ஓடும் உடலில் எரியும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டைக் கழிக்க உடலுக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி அளவுக்குச் சூடு கழியும். ஆவியானால் மட்டும்தான். கோலாலம்பூர் விடியலில் காற்று ஏற்கனவே ஈரத்தில் ஊறியிருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்திருக்கும், உடல் குளிர்ந்திருக்காது.

இதில் இன்னொரு அநியாயம். முதலில் வருபவர் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவார். நான்கு மணிக்குத் தொடங்கிய ஓட்டம் என்றால் அவர் முடிக்கும்போது இன்னும் விடிந்திருக்காது. கோலாலம்பூரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆறு மணி நேரத்தில் முடிப்பவர் பத்து மணி வரை சாலையில் இருப்பார். கடைசி மூன்று மணி நேரமும் வெயில். கால் தளர்ந்த கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் நாளின் சூடான நேரமும் ஒன்றாக வந்து சேர்வது மெதுவாக ஓடுபவருக்குத்தான். பொழுதுபோக்காக ஓடுகிறவரின் மாரத்தான் சாம்பியன் ஓடும் மாரத்தான் அல்ல.

2007 அக்டோபர் 7 அன்று சிகாகோவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வழக்கத்துக்கு மாறாக வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது. மூன்றரை மணி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். முன்னணி வீரர்கள் அதற்குள் முடித்துவிட்டிருந்தார்கள்; பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பொதுமக்கள்.

கோலாலம்பூர்ச் சூட்டில் நெடுந்தூரத்தை வெல்ல முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1998 காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் மலேசியாவின் கோவிந்தசாமி சரவணன் நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்து, சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் தங்கம் வென்றார். மாரத்தானைவிட ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் கூடுதல் தூரம் அது. அந்தத் தட்பவெப்பத்தில் பழகிய உடல் அவருக்கு இருந்தது.

சுடுநீர் வைத்தியம்

பழக்கம் என்பது இங்கே வெறும் மன உறுதியைக் குறிக்கும் சொல் அல்ல. பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு தணிகிறது. தலைநகர்வாசிக்கு இது இலவசமாகக் கிடைக்கும். கேமரன்காரர் தேடிப் போக வேண்டும்.

ஒரு வழி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீண்ட ஓட்டத்துக்காக மலையிறங்குவது. சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போ போனால் போலோ திடலும் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவும் இருக்கின்றன. அங்கே சுற்றிச் சுற்றி ஓடுவது சலிப்புதான். ஆனால் புழுக்கம் அசல்.

இன்னொரு வழி வீட்டிலேயே இருக்கிறது. பிரிட்டனின் பேங்கர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த அறையில் 40 நிமிடம் ஓடிய கையோடு 40 டிகிரிச் சுடுநீர்த் தொட்டியில் 40 நிமிடம் வரை கழுத்தளவு உட்காரச் சொன்னார்கள். ஆறு நாள் இப்படிச் செய்தவர்கள் சூடான அறையில் 5 கிலோமீட்டர் ஓட எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்தது. வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாத ஊரில் இருப்பவர்களுக்கு இது ஏற்ற வைத்தியம். முதல் நாள் பத்து நிமிடம் போதும். தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது.

வாரக் கணக்கு

ஏற்கனவே நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடக்கூடியவருக்கு மாரத்தான் பயிற்சி 16 முதல் 20 வாரம் பிடிக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம். அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அது படிப்படியாக 28, 30 கிலோமீட்டரை எட்டியபின், கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு. பெரும்பாலான ஓட்டங்கள் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருந்தால் போதும்.

பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. 2000 முதல் 2010 வரை அமெரிக்க நெடுந்தூர ஓட்டங்களில் பங்கேற்ற 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத்துடிப்பு திடீரென்று நின்றுபோனது. ஆபத்து மிகக் குறைவு. ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதய நோயும் பரவலாக உள்ள நம் குடும்பங்களில் நாற்பதைத் தாண்டியவர் ஓர் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

தண்ணீரும் சோறும்

வெயிலுக்குப் பயந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தேவைக்கு மேல் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். இங்கேயும் அடி விழுவது மெதுவாக ஓடுபவருக்கே. தாகத்துக்குக் குடிக்கலாம், தண்ணீர் பந்தல் ஒவ்வொன்றிலும் கோப்பையைக் காலி செய்ய வேண்டியதில்லை. இடையிடையே 100 பிளஸ் போன்ற உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் எடுத்துக்கொள்ளலாம். மிச்சத் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்வது நல்லது.

60 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓட ஏறக்குறைய 2,500 கிலோகலோரி செலவாகும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரை 2,000 கிலோகலோரி அளவில்தான். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் பலர் திடீரென்று கல்லாகிப்போவது இதனால்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் சமாளிக்கலாம். ஒரு வாழைப்பழம் 25 கிராம் அளவு தரும். முதல் நாள் சோறு, ரசம், இட்லி, மீ சூப் எல்லாம் சரி. தேங்காய்ப்பால் மிதக்கும் நாசி லெமாக்கையும் எண்ணெய் வழியும் ரொட்டிச்சானாயையும் பதக்கம் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் போய்ச் சேருதல்

தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூர் டி.பி.எஸ். முனையத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு. தாப்பா வரை இறங்கும் வளைவுகள் வயிற்றைக் கலக்கும் என்பதால் ஓட்டத்துக்கு முந்தைய நாள் போவது சரிவராது; இரண்டு நாள் முன்னால் போக வேண்டும். எண் அட்டையும் நேரம் பதியும் சில்லும் அடங்கிய பையை ஓட்டத்துக்கு முன்பே குறித்த இடத்தில் வாங்க வேண்டும். ஓட்ட நாளன்று வழக்கமாகக் கொடுக்க மாட்டார்கள். ஓட்டம் தொடங்கும் நேரத்தில் வழக்கமான ரயில் ஓடாது என்பதால், சதுக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

பத்துமலையின் 272 படிகளை ஓட்டத்துக்கு முந்தைய நாள் ஏறினால் தொடை மன்னிக்காது. ஓட்டத்துக்கு மறுநாள் ஏறவே முடியாது. முருகனைத் தரிசிக்க விரும்புவோர் ஊர் வந்து சேர்ந்த அன்றே போய்விடுவது உத்தமம்.

2015 அக்டோபரில் நடக்க வேண்டிய கோலாலம்பூர் மாரத்தான், இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் கடைசி நேரத்தில் ரத்தானது. பேருந்தும் அறையும் பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு அது ஒரு காரணம்.

சாலையில்

ஐந்து மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 வினாடி. ஆறு மணி நேரத்துக்கு 8 நிமிடம் 32 வினாடி. மலைக்குளிரில் ஐந்து மணி நேர வேகம் இயல்பாக வருகிறவர் கோலாலம்பூரில் ஐந்தரைக்கு மேல் கணக்குப் போட்டுக்கொள்வது நியாயம். முதல் பத்து கிலோமீட்டரில் கூட்டமும் விளக்கொளியும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்புக்கு இடம் கொடுத்தவர்களைத்தான் முப்பதுக்குப் பிறகு சாலை ஓரத்தில் உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம். புதுக் காலணி, புதுக் காலுறை, அன்றுவரை சாப்பிட்டுப் பார்க்காத ஜெல் எதுவும் அன்று வேண்டாம். உராயும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள மறக்கக் கூடாது.

கூட ஓடுகிறவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது களைப்பாக இல்லாமல் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட்டு, கிடைக்கும் குளிர்நீரையும் பனிக்கட்டியையும் கொண்டு உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்கத்துக்கு ஆளான 274 பேரைக் குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்தியம் பார்த்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

முதன்முறை மலையிறங்கி வருபவர்கள் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள். எந்தப் புழுக்கத்திலும் வெயில் ஏறுமுன் அல்லது ஏறத் தொடங்கும்போது முடித்துவிடலாம். முழு மாரத்தான் அடுத்த ஆண்டும் அதே சதுக்கத்தில் தொடங்கும். இரண்டில் எதை ஓடினாலும் கேமரன் திரும்பும் பேருந்துக்கு மறுநாள் பயணச்சீட்டே எடுங்கள். ஓடி முடித்த காலோடு நாலைந்து மணி நேரம் மடங்கி உட்காருவதும், வெறும் வயிற்றோடு தாப்பா வளைவுகளில் ஏறுவதும் ஓட்டத்தைவிடக் கொடுமை.